ஜோடியா முழுங்காது

காலை மேல தூக்கி வெச்சுக்கோங்க சார். நாற்காலியிலயே சம்மணம் போட்டு உக்காந்துக்கோங்க, தண்ணி உங்க பக்கம்தான் வருது. இல்ல இல்ல, நீங்க எந்திரிக்காதீங்க. தொடைக்கிறது அப்புறம் பாத்துக்கலாம். ஈரத்துல வழுக்கி விழுந்தீங்கன்னா அதுக்கு வேற மெக்கானிக்கைக் கூப்பிடணும், அவரு என்னை மாதிரி வீடு தேடி வரமாட்டாரு.

டூல்ஸ் பையா? பை இருக்கு சார், எங்க போகப்போகுது. இப்ப அது எதுக்கு. வீட்டுல குறடு இருக்கும்ல, அதைக் குடுங்க போதும். அட, குறடுதானே கேட்டேன், அதுக்கு ஏன் முகம் இப்படிப் போகுது? சரி சரி, எங்கயாவது வெச்சிருப்பீங்க. மெதுவா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல. வாஷிங் மெஷின் உள்ள இருக்கிற தண்ணி மொத்தமும் ஏற்கெனவே வெளிய வந்தாச்சு, இனிமே வர்றதுக்கு ஒண்ணுமில்ல.

எங்க தொழில்ல சில சட்டம் இருக்கு சார். கோர்ட்டுல செல்லாது, ஆனா எந்த வீட்டுக்குப் போனாலும் செல்லும். பெரிய சட்டம் என்னன்னா, மெக்கானிக் வாசப்படி ஏறின உடனே மெஷின் நல்லாயிடும். பல் டாக்டர் வாசலுக்குப் போனதும் பல்வலி நின்னு போகும் பாருங்க, அந்த மாதிரி. ஒரு வாரமா கடகடன்னு லாரி மாதிரி சத்தம் போடுதுன்னு அந்த வீட்டு அம்மா அழாத குறையா சொல்லுவாங்க. நான் ஸ்விட்சைப் போடுவேன். பூனை மாதிரி ஓடும். அவங்க வீட்டுக்காரர் அவங்களை ஒரு பார்வை பாப்பாரு, அப்புறம் என்னை ஒரு பார்வை பாப்பாரு. நான் செருப்பு மாட்டிட்டு கேட்டைத் தாண்டணும், உடனே உள்ளயிருந்து கடகடகட.

அந்தச் சட்டம் செல்லாத ஒரே வீடு உங்க வீடுதான் சார். இங்க நான் வந்து நின்னாலும் ஒழுகும். சொன்ன எடத்துல, சொன்ன மாதிரி, பொறுப்பா ஒழுகும். இப்படி ஒரு கீழ்ப்படிஞ்ச மெஷினை நான் எங்கயும் பாத்ததில்ல. அதான் எனக்கு முதல்ல லேசா உறுத்துச்சு.

இன்னும் இருக்கு, கேளுங்க. கை சுத்தமா இருந்தா போன் அடிக்காது. கழட்டி மாட்டினா ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கும், மிச்சம் இல்லன்னா மெஷின் ஓடாது. கீழ விழுற ஸ்க்ரூ, கை எவ்வளவு தூரம் எட்டுமோ அதுக்கு ஒரு விரக்கடை தள்ளிப் போய்தான் நிக்கும். இதோ கிளம்பிட்டேன்னு ஒருத்தன் போன்ல சொன்னா அவன் இன்னும் குளிக்கலன்னு அர்த்தம். எல்லாம் நானே கண்டுபிடிச்சதுதான். வேற வேலை? மெஷின் ஒரு தடவை சுத்தி முடிக்கிற வரைக்கும் அது முன்னாடி தரையில உக்காந்துட்டு என்ன பண்றது, சட்டம்தான் போட முடியும்.

சிரிச்சிட்டீங்க. பாத்துட்டேன், மறைக்காதீங்க. உங்க பொண்ணு சொன்னாங்க, அப்பா சிரிக்கிறது மீசையோட இடது ஓரத்துல மட்டும்தான் தெரியும்னு. நீங்க ஏன் பேசறதே இல்லைங்கிறதுக்கும் அவங்ககிட்ட ஒரு சட்டம் இருக்கு. டிரைவருடன் பேசாதீர்னு போர்டு மாட்டியிருக்கிற பஸ்ஸை ஆயுசு பூரா ஓட்டினவர், அந்த போர்டு தனக்கும் சேத்துதான்னு நினைச்சுட்டாராம். ரிட்டயர்டு ஆகி வீட்டுக்கு வந்த பெறகும் போர்டைக் கழட்டலையாம். கோவிச்சுக்காதீங்க, பாசத்துலதான் சொன்னாங்க.

ஆமா, நாங்க பேசுவோம். இதே எடத்துலதான், இந்த மெஷின் முன்னாடி. நீங்க இந்த நாற்காலியில உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருப்பீங்க. படிச்சீங்களோ என்னமோ, ஒரு நாள் தலைகீழா இருந்துச்சு. நான் ஒரு சட்டம் சொன்னா அவங்க ஒரு சட்டம் சொல்லுவாங்க. அவங்க வேலை பாக்குற மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வர்றவங்க எல்லாருமே, கண்ணு நல்லாத்தான் இருக்கு, பேப்பர்காரன்தான் எழுத்தைச் சின்னதாக்கிட்டான்னு சொல்லித்தான் உள்ள வருவாங்களாம். மனைவி தேர்ந்தெடுக்கிற ஃப்ரேம் புருஷனுக்குப் பொருந்தும், புருஷனே தேர்ந்தெடுத்தா மறு நாள் மாத்த வருவானாம். இதையெல்லாம் சிரிக்காம சொல்லுவாங்க சார். நான்தான் ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டு சிரிப்பேன்.

எங்கம்மா எனக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. உன் வாய் மூடுற அன்னைக்குத்தான் உனக்குக் கல்யாணம்னு. வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்னு ஊர்ல சொல்றாங்களேம்மான்னா, பிழைக்கும்டா, கூட இருக்கிறவங்க பிழைக்கணுமேன்னு கேப்பாங்க. ஆனா பாருங்க, உங்க வீட்டுல ஏற்கெனவே பேசாத ஒருத்தர் இருக்காரு. அதனால இங்க என் பேச்சுக்கு எடம் காலியா இருந்துச்சு.

சரி, வேலையைப் பாப்போம். இதோ, முன்னாடி கீழ ஒரு சின்னக் கதவு இருக்கு பாத்தீங்களா, இதுக்குப் பின்னாடிதான் ஃபில்டர். துணியிலருந்து விழுற பட்டன், பின்னு எல்லாம் இங்க வந்துதான் மாட்டும். இதோட மூடி சரியா முறுக்கல, அதான் வெள்ளம். என்ன சார்? பின்னாடி பாக்கணுமா?

வந்ததுலருந்து இதையேதான் சொல்றீங்க. நான் முன்னாடி குனிஞ்சா பின்னாடி பாருங்கறீங்க. தண்ணி முன்னாடியிருந்து கொட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியுது, நீங்க நாற்காலியில உக்காந்துட்டு பின்னாடி பைப்பு நட்டைப் பாருங்கறீங்க. எழுந்து போய்ப் பாத்தீங்களா? பாக்கல. அப்புறம் எப்படித் தெரியும்? சரி, கேக்கல. நான் கேக்கவே இல்ல.

இன்னொரு சட்டம் இருக்கு, அது எல்லா வீட்டுக்கும் பொது. கெட்டுப்போன சாமானை யாருமே தொட்டிருக்க மாட்டாங்க. யாரும் தொடல, தானாத்தான் நின்னு போச்சு. அதுல என்ன விசேஷம்னா, யாரும் தொடலன்னு யாரு முதல்ல சொல்றாங்களோ, தொட்டது அவங்கதான். இன்னைக்கு நான் உள்ள நுழைஞ்சதும் வாங்கன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? நான் சொல்லிக் காட்டல. எனக்கு எதுக்கு வம்பு.

பொறுங்க, கை உள்ள ஏதோ தட்டுப்படுது. துணி மாதிரி இருக்கு. வந்துருச்சு. சாக்ஸ். உங்களுதுதான், காக்கி சாக்ஸ். இருங்க, இதுக்குள்ள இன்னும் ஒண்ணு இருக்கு. இதோ. ரெண்டு.

இப்ப நான் சொல்லப்போறது இந்தத் தொழிலுக்கே அஸ்திவாரம் சார். மெஷின் சாக்ஸை முழுங்கும். ஆனா எப்பவும் ஒத்தையாத்தான் முழுங்கும். ஜோடியா முழுங்காது. உலகத்துல இருக்கிற எந்த வீட்டுல வேணா கேட்டுப் பாருங்க, ஒத்தை சாக்ஸு ஒரு டிராயர் நிறைய கிடக்கும், அதோட ஜோடி எங்க போச்சுன்னு கடவுளுக்கே தெரியாது. உங்க மெஷின் மட்டும் ரெண்டையும் முழுங்குது. அதுவும் அழகா ஒண்ணுக்குள்ள ஒண்ணு சுருட்டி. சுருட்டினதுமில்லாம, ட்ரம்மைத் தாண்டி, வர முடியாத எடத்துக்கு வந்து, உள்ளுக்குள்ள உக்காந்திருக்கு. யாரோ இந்தக் கதவைத் திறந்து கையால வெச்சாத்தான் உண்டு.

நீங்களா? உங்களைச் சொல்லலையே. நீங்க ஏன் உங்க சாக்ஸையே உள்ள தள்ளப் போறீங்க. போன மாசமும் இதே மாதிரி ஒரு ஜோடி எடுத்தேன். அன்னைக்கு உங்க பொண்ணுகிட்ட இந்த சட்டத்தைச் சொன்னேன். அவங்க சாக்ஸை வாங்கிப் பிழிஞ்சாங்க. காது மட்டும் சிவந்து போச்சு. முன்னெல்லாம் மூடியை நல்லா முறுக்கி மூடிடுவாங்க, தண்ணி உள்ளயே நிக்கும், ஒரு சொட்டு வெளிய வராது. இன்னைக்கு ஏதோ அவசரம் போல, பாதி முறுக்குலயே விட்டுட்டாங்க.

உள்ள உங்க பொண்ணு பாத்திரம் கழுவுற சத்தம் நின்னு ரொம்ப நேரமாச்சு சார். கவனிச்சீங்களா.

இப்ப பின்னாடி போவோம். நீங்க ஆசைப்பட்ட எடம். ஆமா, நட்டு லூஸுதான். அதுக்குக் கீழ, சொட்டு எங்க விழுமோ சரியா அந்த எடத்துல ஒரு வாளி. சார், நான் பல ஒழுகல் பாத்தவன். ஒழுகும், வீடு நனையும், கூச்சல் போடுவாங்க, அதுக்கப்புறம்தான் ஓடிப் போய் வாளி கொண்டுவந்து வெப்பாங்க. தரை நனைஞ்சு அதுக்கு மேலதான் வாளி உக்காரும். உங்க வீட்டுல ஒவ்வொரு தடவையும் வாளிக்கு அடியில தரை காய்ஞ்சிருக்கும். இன்னைக்குக்கூட முன்னாடி ஆறு ஓடுது, பின்னாடி வாளிக்கடியில மட்டும் வட்டமா கொஞ்சம் காய்ஞ்ச தரை. ஒழுகுறதுக்கு முன்னாடியே வாளி வெச்ச ஒரே வீடு இதுதான். பஸ்ஸை நிறுத்துறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாக்கிற பழக்கம், போகுமா.

நட்டுல ஒரு கீறல்கூட இல்ல. குறடைப் போட்டுத் திருகினா பல்லு பதியணும். பதியல. துணி சுத்தித் திருகியிருக்கணும். அட, குறடு கிடைச்சிருச்சா? நாற்காலிக்கு அடியிலயேவா இருந்துச்சு. குடுங்க. பாத்தீங்களா, துணி. எவ்வளவு நேர்த்தியாச் சுத்தி நூல் போட்டுக் கட்டியிருக்கு. பொருளைச் சேதப்படுத்தாம ரிப்பேராக்குறதுன்னா அதுக்கு ஒரு மனசு வேணும் சார்.

தலையைக் குனியாதீங்க. சத்தியமா நான் கையும் களவுமா பிடிக்கணும்னு பேசல. எனக்கு முதல்ல புரியவே இல்ல. எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுதுன்னு கேப்பாங்கல்ல, அந்த மாதிரி, பொண்ணு சாக்ஸ் வெக்கிறாங்க, சரி, அப்பா எதுக்கு நட்டைக் கழட்டுறாருன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன். நட்டு ஒழுகுற நாள் எல்லாம் அவங்களுக்குக் கடை லீவு நாள். ஒரு தடவைகூட அவங்க இல்லாத நாள்ல ஒழுகினதில்ல. நான் வந்ததும் நீங்க பேப்பரை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சுக்குவீங்க. பிள்ளைங்க பேசட்டும்னு மறைப்பு கட்டுறீங்கன்னு எனக்கு எங்க தெரியும், இந்த மனுஷனுக்கு என்னைப் பிடிக்கல போலன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்.

ஒரே வீட்டுல ரெண்டு பேர். அப்பாவுக்குத் தெரியாம பொண்ணு முன்னாடி வெக்கிறாங்க, பொண்ணுக்குத் தெரியாம அப்பா பின்னாடி கழட்டுறாரு. இத்தனை நாள் மாத்தி மாத்தி நடந்துச்சு. இன்னைக்கு ரெண்டு பேரும் ஒரே நாள்ல பண்ணிட்டீங்க, வீடு குளமாயிடுச்சு. சேந்து பேசிக்கிட்டிருந்தா ஒரு வாளியோட முடிஞ்சிருக்கும்.

ஏன் இன்னைக்குன்னு எனக்குத் தெரியும், இந்த ஏரியாவுல எனக்கு இதான் கடைசி நாள். போன தடவை வந்தப்ப நான்தான் சொன்னேன். கம்பெனியில ஏரியாவைப் பிரிக்கிறாங்க, திங்கக்கிழமையிலருந்து நான் ஊரோட அந்தப் பக்கம், இந்தப் பக்கத்துக்கு வேற மெக்கானிக் வர்றாருன்னு. நீங்க பேப்பரைத் திருப்பினீங்க. அவங்க உள்ள போயிட்டாங்க. நான் செருப்பு போடறப்ப பின்னாடி வந்து நின்னு, புதுசா வர்றவர் பேசுவாரான்னு கேட்டாங்க. பேச மாட்டாருங்க, வந்த வேலையை முடிச்சுட்டு கிளம்பிடுவாருன்னேன். அப்ப சரிப்படாதுன்னாங்க. அவ்வளவுதான். அப்ப சரிப்படாது. ஒரு வாரமா சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அந்த ரெண்டு வார்த்தைதான் சார் காதுல கேக்குது.

அவரு நல்ல மனுஷன்தான், தப்பு சொல்லக் கூடாது. ஆனா உங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். இனிமே நீங்க எத்தனை நட்டு கழட்டினாலும் வர்றது அவருதான். அவருக்குக் கல்யாணமாயி ரெண்டு குழந்தை.

பாருங்க, இப்ப மீசையோட ரெண்டு ஓரமும் தெரியுது.

உங்களைத் தனியா விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்னு சொல்லி, உங்க பொண்ணு தன்னைக் கேட்டு வந்த வரன் எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு தெரியும். யாரு சொன்னதா? எதிர்வீட்டு அம்மா. எதிர்வீட்டுக்காரங்களுக்குத் தெரியாத விஷயம் நமக்கே தெரியாதுங்கிறதும் ஒரு சட்டம்தான். மெஷின் சரி பண்ணப் போனா ஊர்க் கதை இலவசம். அவங்க போகமாட்டாங்கன்னு எனக்கும் தெரியும், போகணும்னு நான் சொல்லவும் மாட்டேன். உங்க மாடி போர்ஷன் காலியாத்தானே கிடக்கு. ஏரியா மாறினா வேலைதான் மாறுது, சாயங்காலம் வண்டியைத் திருப்பினா வீட்டுக்கு வந்துடலாம். வீட்டோட மாப்பிள்ளைன்னு நாலு பேரு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். அவங்க வீட்டு மெஷினும் ஒரு நாள் கெட்டுப் போகும்ல.

என்ன சார், இப்பவும் பை எங்கன்னுதான் கேக்குறீங்களா?

பை என் ரூம்ல இருக்கு. நான் இன்னைக்கு மெஷின் பாக்க வரல. நீங்க போன் பண்ணி உடனே வாங்கன்னு சொல்லிட்டு போனைக் கீழ வெக்கிறதுக்குள்ள காலிங்பெல் அடிச்சதே, உங்களுக்கு ஆச்சரியமா இல்லையா? எந்த மெக்கானிக் அப்படி வந்திருக்கான்? நீங்க கூப்பிடறப்பவே நான் உங்க கேட்டுக்கு வெளிய, அந்த விளக்குக் கம்பத்துப் பக்கத்துல நின்னுட்டிருந்தேன். ரொம்ப நேரமா. பெல்லுகிட்ட கையைக் கொண்டு போறதும் எடுக்கறதுமா. சட்டையைப் பாருங்க, அயர்ன் பண்ணது. யாராவது இந்தச் சட்டையைப் போட்டுட்டு ஃபில்டர் கழட்டுவாங்களா? வெறுங்கையோட வந்து நேரா கேட்டுடணும்னுதான் வந்தேன். உள்ள வந்தா வெள்ளம். தப்பிச்சோம்டான்னு தரையில உக்காந்து சட்டம் பேச ஆரம்பிச்சுட்டேன். எனக்குப் பயம் வந்தா வாய் நிக்காது சார். இவ்வளவு நேரம் பேசினேனே, அதெல்லாம் பயம்தான்.

உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. குடுப்பீங்களா?

அவ்வளவுதான். இனிமே நான் பேசல.

சார், ஏதாவது சொல்லுங்க. குறடை வாங்கி அந்தத் துணியை எதுக்குக் கழட்டுறீங்க? அழகா சுத்தி வெச்சிருந்தீங்களே. ஓ, தரை தொடைக்கவா. இனிமே குறடுக்கு வேணாம்னா? நீங்க இறங்காதீங்க, வழுக்கும், நான் தொடைக்கிறேன். அட, அவங்களே வந்துட்டாங்க. எவ்வளவு நேரமா கதவுகிட்ட நிக்குறீங்க? இந்தாங்க, சாக்ஸ். ரெண்டும் இருக்கு. பிரிச்சுக் காயப்போடாதீங்க.

என்ன சார், ஏதோ சொன்னீங்களே, காதுல சரியா விழல. முக்கியமான பேச்சுன்னு வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை, அதையும் நான் பேசிட்டிருந்து விட்டுட்டேன் பாருங்க. இன்னொரு தடவை சொல்லுங்க.

இன்னும் என்ன சார்னு கூப்பிடறேன்னா கேக்குறீங்க?

அப்ப... சரிங்க மாமா. காலை மேல வெச்சுக்கோங்க, அங்க இன்னும் ஈரமா இருக்கு.